பிரீமன் ஊர்க்காரரைப் பற்றி எழுதக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஹரால்சன் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) இருக்கிற சின்ன ஊர் பிரீமன். அங்கே 1924-இல் பிறந்து, அங்கேயே வக்கீலாக இருந்து, 42 ஆண்டுகள் மாநிலப் பிரதிநிதிகள் அவை உறுப்பினராக இருந்தவர் டாம் மர்ஃபி. அவருடைய வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதி முடித்திருக்கிறோம். எங்கள் பிழைகளைப் பொறுமையாகத் திருத்தியவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி ஊர்ப் பெயரைத் திருத்தியவருக்கு. ஜெர்மன் நகரத்தை நினைத்து ‘பிரெமன்’ என்றே எழுதி வந்தோம். அந்த ஊர்க்காரர்கள் சொல்வது ‘பிரீமன்’.

சட்டமன்ற நடைமுறையை விளக்கியவருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. ‘பெரும்பான்மை வாக்கில் நிறைவேறியது’ என்று பல இடங்களில் மேம்போக்காக எழுதியிருந்தோம். வந்திருப்பவர்களில் பெரும்பான்மை அங்கே போதாது. மொத்தம் 180 பேரில் 91 பேர் ஆதரிக்க வேண்டும். 90-க்கு 50 என்று வந்தாலும் மசோதா தோற்றதுதான். அவையில் ஆள் குறைந்திருக்கும் நேரத்தில் மசோதாவை எடுத்தால் இப்படித்தான் கவிழும். கூட்டத்தொடரும் ஆண்டுக்கு 40 அமர்வு நாள்தான். ஒரு மசோதா அவையில் மூன்று முறை வாசிக்கப்பட வேண்டும், மூன்று வாசிப்பும் மூன்று தனித்தனி நாளில் நடக்க வேண்டும் என்பதால், தாமதமாக வந்த மசோதா இரண்டு ஆண்டுப் பதவிக்காலத்தின் முதல் ஆண்டென்றால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். இரண்டாம் ஆண்டென்றால் அதோடு சரி.

உள்ளூர் மசோதாக்களைப் பற்றி அவர் சொன்னது எங்களுக்குப் புதையல். ஒரு கவுண்டிக்கோ ஊருக்கோ மட்டுமான சட்டம் என்றால், அந்தக் கவுண்டியின் ஷெரிஃப் (கவுண்டியின் காவல் அதிகாரி) தரும் விளம்பரங்கள் வரும் செய்தித்தாளில் முன்கூட்டியே அறிவிப்பு வெளியாக வேண்டும். அதை விட்டுவிட்டால் மற்ற வேலையெல்லாம் வீண். சிற்றூர் உறுப்பினரின் அன்றாடப் பாடு இதுதான். இதை அறியாமல் மர்ஃபியைப் புரிந்துகொள்ள முடியாது.

சபாநாயகர் பதவியைப் பற்றிய அத்தியாயத்தை ஒருவர் முழுக்க மாற்றி எழுத வைத்தார். நம் ஊரில் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் கட்சியிலிருந்து ஒதுங்கி நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஜார்ஜியாவில் அவர்தான் ஆளுங்கட்சியின் தலை. குழுத் தலைவர்களை நியமிப்பவரும் அவரே. சபாநாயகராக இருந்த ஜார்ஜ் எல். ஸ்மித் 1973 இறுதியில் மறைந்ததும் அந்த இடத்துக்கு வந்த மர்ஃபி, 2002 வரை அதை விடவில்லை. கிராமத்துப் பிரதிநிதியான அவர் அட்லாண்டாவின் பெரிய கட்டுமானத் திட்டங்களுக்கும் துணை நின்றதை எடுத்துக்காட்டியவரும் இவர்தான்.

மர்ஃபியின் ஆவணங்களைப் பாதுகாத்து, அவரது அலுவலக அறையையும் மறுபடி அமைத்து வைத்திருக்கும் கேரல்டனின் மேற்கு ஜார்ஜியா பல்கலைக்கழக நூலகத்தாருக்கு வணக்கம்.

2002 தேர்தலில் மர்ஃபி தன் தொகுதியில் தோற்றதற்கு ஒரே காரணம் தேடிக்கொண்டிருந்தோம். அட்லாண்டாவின் புறநகர் மேற்கே படர்ந்து, அவரை அறியாத புது வாக்காளர்கள் தொகுதிக்குள் குடிவந்ததைக் காட்டித் தந்த நண்பருக்கும் நன்றி. இன்னும் பிழை தென்பட்டால் தயங்காமல் எழுதுங்கள்.

— எழுத்துக் குழுவினர்