வலியோடு வருகிறவர்களுக்கு மைக்கில் எண்ணாதீர்கள்

பூங்காக்களிலும் சமூகக் கூடங்களிலும் காலை யோகா வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும், அவர்களை அழைத்துவரும் குடியிருப்போர் நலச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் வகுப்புக்கு வரும் பெரியவர்களில் பலர் உடம்பை வில்லாக வளைக்க வரவில்லை. இடுப்புவலியோ முட்டிவலியோ கொஞ்சம் குறையாதா என்றுதான் வருகிறார்கள். அவர்களையும் இருபது வயதுப் பையனையும் ஒரே வரிசையில் நிறுத்தி, 'மூச்சை இழு, நிறுத்து, விடு' என்று மைக்கில் எண்ணுகிறீர்கள். இவர்களுக்கென வாரம் மூன்று நாள் தனியாக அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அந்த அரைமணியில் மைக் வேண்டாம். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

காரணம் இது. வலி உள்ளவர், வலிக்கும் இடம் வருவதற்கு முன்பே மூச்சைப் பிடித்துக்கொள்வார். பிடித்தால் தசை இறுகும், இறுகினால் வலி கூடும். உங்கள் எண்ணிக்கை அவருடைய மூச்சைவிட நீளமாக இருந்தால் தோளைக் காதுவரை தூக்கிக் கழுத்தால் காற்றை இழுப்பார். எண்ணிக்கை வேகமாக இருந்தால் படபடவென்று ஊதித் தள்ளுவார். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல்நுனியும் உதடும் மரத்துப்போகும். இதைச் 'சக்தி ஏறுகிறது' என்று விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஏறுவது சக்தி அல்ல, தேவைக்கு மேல் மூச்சு வாங்கிவிட்டார், அவ்வளவே.

எண்ணிக்கையை அவரவர் மனத்துக்குள் வைத்துக்கொள்ளட்டும். இழுக்க நான்கு, விட ஆறு என்பது பலருக்கும் சரியாக வரும். எண்ணுக்கு ஒரு நொடி என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. திணறினால் மூன்றுக்கு நான்கு. விடும் மூச்சு நீளும்போது இதயத்துடிப்பு சற்றுத் தணியும், உடம்பு விறைப்பை விடத் தொடங்கும். நடுவில் மூச்சை நிறுத்தவே வேண்டாம். இழுக்க 16, நிறுத்த 64, விட 32 என்று திருமூலர் சொன்ன மாத்திரைக் கணக்கை ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவரிடம் ஒப்பிக்காதீர்கள். அது வேறு நோக்கம், வேறு ஆயத்தம்.

இந்த வழி சென்னைக்குப் புதிதல்ல. மைசூரில் யோகா கற்பித்துவந்த கிருஷ்ணமாச்சாரியார் 1950-களில் இங்கே வந்து, ஆளுக்குத் தக்கபடி பயிற்சியை மாற்றிக் கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் தந்தையின் பெயரால் இங்கேயே யோக மந்திரம் என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். அந்த மரபின் உயிரான விதி ஒன்று உண்டு: மூச்சு முதலில் தொடங்கும், கை அதன்பின் நகரும், கை நின்றபிறகே மூச்சு முடியும். அசைவு மூச்சுக்குள் அடங்க வேண்டும்.

செய்யும் விதம்: விரிப்பில் மல்லாந்து, முட்டியை மடித்துப் பாதம் தரையில் பதியப் படுக்கட்டும். முகவாய் மேலே தூக்கியிருந்தால் தலைக்கடியில் மடித்த துண்டு. இரண்டு நிமிடம் மூச்சைக் கவனிப்பது மட்டும். பிறகு இழுக்கும்போது கைகளைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், விடும்போது திருப்பிக் கொண்டுவர வேண்டும், ஆறு முறை. அடுத்து, விடும் மூச்சில் இரு முட்டிகளையும் வயிற்றை நோக்கி இழுத்து, இழுக்கும் மூச்சில் கை நீளும் அளவுக்கு விலக்குவது, எட்டு முறை. பின் இழுக்கும்போது இடுப்பை நான்கு விரற்கடை மட்டும் உயர்த்தி, விடும்போது மேல்முதுகிலிருந்து முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவாக இறக்குவது, ஆறு முறை. கடைசியில் ஐந்து நிமிடம் அப்படியே கிடக்கலாம். எழும்போது பக்கவாட்டில் புரண்டு உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து நிற்கட்டும். நேராக எழுந்தால் அழுத்த மாத்திரை எடுப்பவருக்குத் தலை சுற்றும்.

நீங்கள் ஒருமுறை சொல்லிவிட்டுச் சும்மா நடந்து பாருங்கள். தாடை இறுகுகிறதா, கால்விரல் மடங்குகிறதா? மூச்சு நின்றதை முகத்தைவிடக் கால்விரல் முன்னதாகக் காட்டிக்கொடுக்கும்.

தரையில் உட்கார முடியாதவருக்கு நாற்காலி. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி இதற்கு ஆகாது. கையைப் பக்கவாட்டில் விரிக்க விடாது, டைல்ஸ் தரையில் வழுக்கும். சுமார் 18 அங்குல உயரத்தில் கைப்பிடி இல்லாத இரும்பு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதம் எட்டாவிட்டால் மடித்த ஜமுக்காளம் போதும். சங்கத்தார் டி-ஷர்ட் அச்சடிக்கும் பணத்தில் இதைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

ஜூன் 21, சர்வதேச யோகா தினத்துக்கான 45 நிமிடப் பொதுப் பயிற்சித் தொகுப்பையே ஆண்டு முழுக்க நடத்துகிறவர்கள் கவனிக்க: முட்டியை மடக்கிக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனமும், முட்டிபோட்டுப் பின்னால் வளையும் உஷ்ட்ராசனமும் தேய்ந்த முட்டிக்கு ஆகாது. எலும்பு மெலிந்தவர், நின்றபடி பாதத்தைத் தொடும் பாதஹஸ்தாசனத்துக்கு முதுகைக் கூனிக் குனிந்தால் முதுகெலும்பு நொறுங்கக்கூடும். கண் அழுத்த நோய் உள்ளவருக்குத் தலைகீழ் நிலைகள் வேண்டாம். உயர் ரத்த அழுத்தம், குடலிறக்கம் இருந்தால், வயிற்றை உள்ளே வெட்டி மூச்சை வேகமாகத் தள்ளும் கபாலபாதியும் வேண்டாம். வெறும் வயிற்றோடு வா என்ற விதியைச் சர்க்கரைநோயாளிக்குத் தளர்த்துங்கள். இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கிவிடலாம், கையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

வந்ததும் வலி பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். நடுவில் இரண்டு கூடினால் அந்த அசைவை நிறுத்துங்கள். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் அடுத்தமுறை ஒவ்வொரு அசைவையும் பாதித் தடவை மட்டும் செய்யச் சொல்லுங்கள். நாள்பட்ட இடுப்புவலிக்கு முதலில் முயல வேண்டிய மருந்தில்லா வழிகளில் ஒன்றாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி (American College of Physicians) என்ற மருத்துவர் அமைப்பு 2017-ல் யோகாவையும் சேர்த்தது. ஆனால் எல்லா வலியும் பாய்க்கு வரக்கூடாது. காலில் பலம் குறைதல், சிறுநீர் கட்டுப்படாமை, தொடை இடுக்கில் மரத்துப்போதல் என்றால் அன்றைக்கே மருத்துவமனை. விழுந்த பின் வந்த வலி, காய்ச்சலோடு வந்த வலி, காரணமில்லாமல் எடை குறையும்போது வந்த வலி ஆகியவற்றையும் மருத்துவர் பார்த்தபிறகே வகுப்பில் சேருங்கள்.

எட்டு வாரம் நடத்திப் பாருங்கள். ஒரு வகுப்புக்குப் பத்துப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். அதற்கு மேல் போனால் யாருடைய கால்விரலையும் உங்களால் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
மூச்சை முன்வைத்து யோகா கற்பிக்கும் சிலர்