கணக்கைப் பத்து வருடத்துக்குச் சேர்த்துப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தன்னார்வத் தீயணைப்பு வீரர்களைப் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. அவர்கள் சம்பளம் வாங்குவதில்லை என்று எழுதியிருந்தீர்கள், சரி. வண்டிக்கும் டீசலுக்கும் காப்பீட்டுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? பென்சில்வேனியாவில் வசிக்கும் எனக்கு இதுதான் பெரிய கேள்வி.

இங்கே பல ஊர்களில் தீயணைப்பு நிலையத்தை நடத்துவது அரசு அல்ல, லாப நோக்கற்ற உள்ளூர்ச் சங்கம். 1736-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியாவில் தொடங்கிய சங்கத்தில், கூட்டத்துக்கு வராதவர்கள் கட்டிய அபராதத்தில் ஏணியும் தீயணைப்புக் கருவிகளும் வாங்கினார்கள். இன்றோ பணம் வரும் வழிகள் பிங்கோ (சீட்டு வாங்கி ஆடும் எண் விளையாட்டு), பார்பிக்யூ கோழி விற்பனை, கோடை கார்னிவல், ஹால் வாடகை, நன்கொடை, டவுன்ஷிப் (உள்ளாட்சி) தரும் தொகை. வெளிமாநில நிறுவனங்களின் தீக்காப்பீட்டு பிரீமியத்தில் 2 சதவீத வரியும் வருகிறது. ஆனால் அது வீரர்களின் நிவாரணச் சங்கத்துக்குப் போவதால் இஷ்டப்படி செலவழிக்க முடியாது.

ஓரளவு பெரிய சங்கம் என்றால் வருமான வரித்துறைக்கு வருடாவருடம் தரும் வரவு செலவு அறிக்கையான படிவம் 990-ஐ யாரும் பார்க்கலாம். சிக்கல் அதை வாசிப்பதில்தான். ஒரே ஒரு வருடக் கணக்கை எடுத்துக்கொண்டு, "இவ்வளவு கையிருப்பு இருக்கும்போது நன்கொடை எதற்கு?" என்று கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. புது வண்டி ஒன்று இன்று பத்து லட்சம் டாலரை நெருங்குகிறது. 15 வருடத்தில் அதை முன்வரிசையிலிருந்து எடுத்து, 25 வருடத்தில் ஓய்வு கொடுக்கச் சொல்கிறது தேசியத் தரவிதி. பல வருடம் சேர்த்தால்தான் அதை வாங்க முடியும். வாங்கிய பிறகு கையிருப்பு திடீரென்று வற்றும். அப்புறம் பணம் வெளியே போகாமலே தேய்மானத்தால் (வண்டியின் விலையை வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாக எழுதுவதால்) கணக்கில் நஷ்டம் தெரியும். பத்து வருடத்தை வரிசையாக வைத்து, எப்போதாவது மட்டும் வரும் மானியம், பழைய வண்டி விற்ற பணம், உயிலில் வந்த சொத்து ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தால்தான் உண்மை நிலை புரியும். 2020-இல் கொரோனாவால் கார்னிவலும் பிங்கோவும் நின்றபோது சங்கங்கள் தவித்ததற்குக் காரணமும் அங்கே தெரியும்.

படிவத்தில் வராத இன்னொன்று ஆள் பற்றாக்குறை. 1970-களில் இம்மாநிலத்தில் சுமார் 3 லட்சம் தன்னார்வலர்கள் இருந்தார்கள். 2018-இல் வந்த சட்டமன்ற ஆணைய அறிக்கைப்படி அது சுமார் 38,000. தீயை அணைப்பவரே சனிக்கிழமை கோழியும் சுட வேண்டும் என்றால் புதிதாக யார் சேருவார்கள்?

டவுன்ஷிப்புகள் தயங்காமல் சொத்தின் மீது தீயணைப்பு வரி போட வேண்டும் என்பது என் கருத்து. இந்த வரியை 'மில்' என்ற அளவில் சொல்வார்கள்; ஒரு மில் என்பது சொத்தின் வரி மதிப்பீட்டில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர்தான். மதிப்பீடு 1,50,000 டாலர் என்றால் வருடத்துக்கு 150 டாலர். இதற்கே முகம் சுளிப்பவர்கள், சம்பள ஊழியர்களை வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். வரிப்பணம் வாங்கும் சங்கமும் பத்து வருட வரவு செலவை ஒரே தாளில், தணிக்கை அறிக்கையோடு ஊர்க்கூட்டத்தில் வைக்க வேண்டும். சில நிர்வாகிகளுக்கு இது பிடிக்காது என்பதும் தெரியும்.

ஒரு வாசகர்,
பென்சில்வேனியா