வேலை பாக்குறவங்களுக்கும் ஒரு கணக்கு வகுப்பு வேணும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திவெட்னு சொல்ற தொழிற்கல்வி படிப்பு பத்தி நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன். எஸ்.பி.எம் (அஞ்சாம் படிவ அரசாங்க பரீட்சை) முடிச்ச பிள்ளைங்க எங்க போயி என்ன கைத்தொழில் கத்துக்கலாம்னு நல்லாவே எழுதியிருந்தீங்க, குறை ஒன்னும் இல்ல. ஆனா எல்லாரும் பிள்ளைங்கள பத்தியே தான் எழுதுறீங்க. ஏற்கனவே 35, 40 வயசுல டைல் ஒட்டிக்கிட்டு, வயரிங் இழுத்துக்கிட்டு, கூலிம் ஹைடெக் பார்க்ல ஷிப்ட் பார்த்துக்கிட்டு இருக்கிறவன பத்தி யாரு எழுதுறது? அவனுக்கு வேலை அத்துப்படி. கணக்குல தான் காசு போகுது.

நான் பாடாங் செராய்ல டைல், ரெனோவேஷன் எடுத்து செய்றவன், அதனால டைல்லயே சொல்றேன். கடையில நாம "ரெண்டுக்கு ரெண்டு"ன்னு கேட்டு வாங்குற டைல் 60 சென்டிமீட்டர் தான், ரெண்டு அடி முழுசா வராது. ஒரு பெட்டியில 4 துண்டு இருந்தா 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. ஆனா நெறைய பேரு துண்டுக்கு 4 சதுர அடி, 4 துண்டுக்கு 16ன்னு மனசுலயே போட்டுருவாங்க. 1,000 சதுர அடி வீடுன்னு வச்சுக்குங்க, 16ஆல வகுத்தா 63 பெட்டி போதும்னு வரும், 15.5ஆல வகுத்தா 65 ஆகும், அதுவும் ஓரம் வெட்டுறது, உடையறதுன்னு 10 பர்சன்ட் சேர்க்காம. சேர்த்தா 71. 63 பெட்டி இறக்கிட்டு வேலைய ஆரம்பிச்சவன் கடைசி ரூமுக்கு வரும்போது கடைக்கு ஓடுவான், அங்க அந்த பேட்ச் முடிஞ்சு போயிருக்கும், அடுத்த பேட்ச்ல கலர் ஒரு பொட்டு மாறும், வெளிச்சம் பட்டா நல்லாவே தெரியும், வீட்டுக்காரம்மா விடுவாங்களா? எடுத்து திரும்ப ஒட்டுன்னு சொல்லிடுவாங்க, கூலி யாரு குடுக்கிறது?

கொட்டேஷன்லயும் இதே கதை தான். 5,000 வெள்ளி (ரிங்கிட்) வேலைக்கு 10 பர்சன்ட் ஏத்தி 5,500ன்னு எழுதுவான், வீட்டுக்காரர் பேரம் பேசுனதும் "சரிண்ணே, 10 பர்சன்ட் குறைச்சிக்கிறேன்"னு சொல்லிட்டு பழைய வெலைக்கே வந்துட்டதா நெனச்சுக்குவான். 5,500ல 10 பர்சன்ட் 550. கைக்கு வர்றது 4,950. 50 வெள்ளி எங்க போச்சுன்னு அவனுக்கு கடைசி வரைக்கும் தெரியாது.

சம்பள சிலிப்புக்கு வருவோம், இது தான் எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்ற விஷயம். எங்க ஏரியா பையன் ஒருத்தன் ஒரு பேக்டரில வேலை செய்றான், பேரு வேணாம். அடிப்படை சம்பளம் 1,700, அதான் 2025 பிப்ரவரில இருந்து வந்த குறைஞ்சபட்ச சம்பளம். வேலைச் சட்டப்படி ஒரு நாள் சம்பளம் பாக்க மாச சம்பளத்த 26ஆல வகுக்கணும், 65 வெள்ளி 38 காசு. அத 8 மணி நேரத்தால வகுத்தா 8.17. சாதாரண நாள்ல ஓட்டிக்கு, அதாவது ஓவர்டைமுக்கு, ஒன்றரை மடங்கு, 12.26. இவனுக்கு 30ஆல வகுத்து போட்டிருக்காங்க, ஒரு மணிக்கு 10.63 தான் வருது. மாசம் 40 மணி நேரம் ஓட்டி செஞ்சா 65 வெள்ளி, அதாவது முழுசா ஒரு நாள் கூலி போயிடுது. அவன் சிலிப்ப மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கிட்டு "இபிஎஃப் பிடிச்சிருப்பாங்கண்ணே"ன்னு சொல்றான். இபிஎஃப், அதாவது சேமநிதி, 11 பர்சன்ட், 1,700க்கு 187 வெள்ளி, அது தனி வரியில இருக்கு, ஓட்டி காசுல இபிஎஃப் பிடிக்கவே மாட்டாங்க. இத அவனுக்கு பள்ளிக்கூடத்துல யாரும் சொல்லிக்குடுக்கல, பேக்டரி சொல்லுமா?

இது தோட்டத்துல இருந்தே வர்ற பழக்கம்னு தான் நான் நெனைக்கிறேன். கித்தா (ரப்பர்) தோட்டத்துல பால கொண்டு போயி ஊத்துனா, கிராணி (தோட்டத்து கணக்கரு) மெட்ரோலாக்க, அதாவது பால்ல ரப்பர் எவ்வளவுன்னு காட்டுற கருவிய, விட்டு பார்த்து பர்சன்ட் எழுதுவாரு. 30 கிலோ பாலுக்கு 33ன்னு எழுதுனா காஞ்ச ரப்பர் 9.9 கிலோ, 30ன்னு எழுதுனா 9 கிலோ. எங்க அம்மா மாதிரி மரம் வெட்டி பால் எடுத்தவங்க மங்குல (கிண்ணத்துல) பால பார்த்தே இன்னிக்கு கெட்டியா தண்ணியான்னு சொல்லிடுவாங்க, ஆனா அந்த பர்சன்ட்ட பெருக்கி பார்த்து "ஐயா இது குறையுதே"ன்னு கேட்டதில்ல. கணக்கு கிராணியோட வேலைன்னு விட்டுட்டாங்க. இன்னிக்கு செம்பனை காட்டுல மருந்து அடிக்கிறவங்களும் அப்படி தான், 200 லிட்டர் தண்ணிக்கு 1 லிட்டர் மருந்துன்னு போட்டிருந்தா 16 லிட்டர் பம்புக்கு 80 மில்லி, ஆனா தண்டல் (மேஸ்திரி) சொன்ன மூடி கணக்கு தான் ஓடுது.

இதுக்காக நம்ம ஆளுங்களுக்கு மூளை இல்லன்னு யாரும் சொல்ல வேணாம். பழைய கொத்தனாருங்க மூலை மட்டம் பாக்க ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி அளந்து குறுக்க 5 அடி வருதான்னு பாப்பாங்க, பெரிய வீடுன்னா 6, 8, 10. பைதாகரஸ் பேர அவங்க கேட்டதே இல்ல. கை தெரிஞ்சு வச்சிருக்கிறத பேப்பருக்கு கொண்டு வர ஆள் இல்ல, அவ்வளவு தான்.

போன்ல கால்குலேட்டர் இருக்கேன்னு சில பேரு கேப்பீங்க. இருக்கு, ஆனா 26ஆல வகுக்கணுமா 30ஆலயான்னு அது சொல்லாது. 3,600 வாட் வாட்டர் ஹீட்டர 13 ஆம்பியர் பிளக்குல சொருகலாமான்னும் அதுவா சொல்லாது. 230 வோல்ட்டால வகுக்கணும்னு தெரிஞ்சவனுக்கு தான் 15.7 ஆம்பியர்னு வரும், பிளக் தாங்காதுன்னு புரியும்.

அதனால நான் கேக்கிறது இது தான். பெரியவங்களுக்கு வகுப்புன்னு வச்சா தயவு செஞ்சு படிவம் ஒன்னு (இடைநிலைப்பள்ளி முதல் வருஷம்) புத்தகத்த தூக்கிட்டு வராதீங்க, x என்ன y என்னன்னு ஆரம்பிச்சா ரெண்டாவது வாரமே ஒருத்தனும் வர மாட்டான். பரீட்சை வேணாம், சர்டிபிகேட்டும் வேணாம். அவனவன் சம்பள சிலிப்ப கொண்டு வரட்டும், டேப்ப கொண்டு வரட்டும், டேப்புல மேல இஞ்சும் கீழ மில்லிமீட்டரும் இருக்குல்ல, ஒரு இஞ்சுக்கு 25.4 மில்லின்னு அங்க இருந்தே ஆரம்பிக்கலாம். கொலேஜ் கொமுனிட்டி (சமூகக் கல்லூரி) குறுகிய கால கோர்ஸ் நடத்துறாங்க, நல்ல விஷயம், ஆனா நாளெல்லாம் வெயில்ல நின்னவன் பக்கத்துல இருந்தா தான் போவான், அதுவும் ராத்திரி 8 மணிக்கு மேல. கோயில் மண்டபம் அந்த நேரத்துல சும்மா தான் கிடக்கு. ரிட்டையர் ஆன ஆசிரியருங்க எங்க ஊர்லயே இருக்காங்க, யாராச்சும் கூப்பிட்டா வருவாங்க.

உங்க பத்திரிகையும் எஸ்.பி.எம் பிள்ளைங்களுக்கு மாதிரி கேள்வித்தாள் போடுறீங்களே, ஞாயித்துக்கிழமை அதுக்கு பக்கத்துல கால் பக்கம் எங்களுக்கும் ஒதுக்குங்க. முதல் வாரம் ஓட்டி கணக்க போடுங்க, பேக்டரி கேன்டீன் சுவத்துல ஒட்ட நான் ஏற்பாடு பண்றேன்.

இப்படிக்கு,
டைல் வேலைக்காரன்,
பாடாங் செராய், கெடா.