அருவிப் படத்தில் தண்ணீர் தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்காசிப் பக்கம் சாரல் தொடங்கிவிட்டால் தினமும் ஒரு குற்றாலப் படமாவது உங்கள் பத்திரிகையில் வந்துவிடுகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் பெருமைதான். ஆனால் சமீபமாக வருகிற படங்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பாறை கன்னங்கரேலென்று இருக்கிறது, மரங்கள் கண்ணைக் குத்தும் பச்சையில் இருக்கின்றன, நடுவில் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. பேரருவித் தண்ணீர் பொங்குமாகடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, அங்கே வேகம் தணிந்து, பிறகு பாறையில் பிரிந்து பிரிந்து இறங்குகிற அழகு ஒன்று இருக்கிறதே, அது காணாமலே போய்விட்டது.

முதல் கோளாறு எடுக்கும்போதே நடக்கிறது. நனைந்த பாறையும் மரமும் சேர்ந்து காட்சியில் முக்கால்வாசி இருட்டாக இருந்தால், கேமரா எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்த்து வெளிச்சத்தைத் தானாகவே கூட்டிவிடும், அது பாறைக்குச் சரி, ஏற்கெனவே வெளுத்துக் கிடக்கும் தண்ணீருக்கு ஆகவே ஆகாது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை (அதாவது வெளிச்சம் பாதியாகும் வரை) குறைத்து எடுத்துவிட்டு, படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டாமல் நிற்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. செல்போன் என்றால் திரையில் தண்ணீர் தெரியும் இடத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். பாறை கொஞ்சம் இருண்டுதான் வரும். வரட்டும். இருட்டில் இருக்கும் விவரத்தை எடிட்டிங்கில் ஓரளவு மேலே கொண்டுவந்துவிடலாம், கேமரா பதிவு செய்தபடியே இருக்கும் ரா ஃபைல் கையில் இருந்தால் இன்னும் தாராளமாகவே வரும். சாதாரண ஜேபெக் படத்தில் உச்ச அளவான 255-ஐத் தொட்டுவிட்ட வெள்ளைக்கு அந்த வழி கிடையாது, அங்கே தண்ணீர் பதிவாகவே இல்லையே.

அப்புறம் எடிட்டிங். கான்ட்ராஸ்டைக் கூட்டியதும் படம் பளிச்சென்று ஆகிவிடுகிறது, அதில் எல்லோரும் மயங்கிவிடுகிறார்கள். குற்றாலப் படத்தில் மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் போடுவதுதான் எனக்கு ரொம்ப ஆற்றாமையாக இருக்கிறது. அருவியைச் சுற்றிப் புகையாக நிற்கும் நீர்த்திவலையும் மலை மேல் இறங்கும் மேகமும்தானே சீசனின் அடையாளம், அதைப் போய் ஏதோ அழுக்கு போலத் துடைத்துவிட்டால் அது எந்த ஊர் அருவியாகவும் இருக்கலாம். வெளிச்சப் பகுதிக்கான ஹைலைட்ஸைக் குறைத்து, இருட்டுப் பகுதிக்கான ஷேடோஸைக் கொஞ்சமாகக் கூட்டி (மிஞ்சினால் இருட்டுப் பகுதியெல்லாம் புள்ளி புள்ளியாகக் கிளம்பிவிடும்), கான்ட்ராஸ்ட் வேண்டும் என்றால் தண்ணீரை மட்டும் மாஸ்க் செய்து, அதாவது தனியாகத் தேர்ந்தெடுத்து, அதற்குள் கொடுத்தால் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரியும். ஈரப் பாறையும் இலைகளும் பளபளத்துத் தொந்தரவு செய்தால் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை லென்ஸில் போட்டு எடுக்க வேண்டும், அந்த வேலையைக் கம்ப்யூட்டரில் அப்படியே செய்துவிட முடியாது. அச்சுக்குப் போகும் படத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. நியூஸ்பிரிண்ட் தாளில் மை ஊறிப் பரவும், திரையில் கரும்பழுப்பாகத் தெரிந்த பாறை காலையில் பத்திரிகையில் மொத்தமாகக் கறுப்பாகிவிடும், அதனால் திரையில் பார்க்கக் கொஞ்சம் வெளுப்பாகத் தோன்றினாலும் பாறையை அப்படியே விடுவதுதான் நல்லது.

அழகு பற்றிய கவலைதானே என்று தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள். மதுரையிலும் தூத்துக்குடியிலும் உங்கள் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் குடும்பத்தோடு வண்டி ஏறுகிறார்கள். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழுகிறதா, ஐந்தருவியில் எத்தனை கிளைகளில் தண்ணீர் வருகிறது என்பதையெல்லாம் படத்திலேயே பார்த்துச் சொல்பவர்கள் நாங்கள், இப்போது ஆர்ச்சின் விளிம்பே வெள்ளையில் கரைந்துபோய்விடுகிறது. அதைவிட முக்கியம் தண்ணீரின் நிறம். மலையில் மழை பெய்து காட்டாற்று வெள்ளம் வரும்போது தண்ணீர் செம்மண் கலந்து கலங்கலாக இறங்கும், எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது எச்சரிக்கை என்று தெரியும். மஞ்சளையும் ஆரஞ்சையும் குறைத்து, வெள்ளையைக் கூட்டி அந்தத் தண்ணீரைப் பால் போல ஆக்கிவிட்டால் வெளியூர்க்காரருக்கு என்ன தெரியும்? 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. படத்தால் அது நடந்தது என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் கலங்கல் நீரை வெளுத்துக் காட்டும் படங்களைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

உங்கள் மாவட்டப் புகைப்படக்காரர்கள் மழையில் நனைந்துகொண்டு, லென்ஸைத் துடைத்துத் துடைத்து எடுக்கிறவர்கள். அவர்கள் அனுப்பும் மூலப் படத்தில் நான் கேட்பதெல்லாம் இருக்கும் என்றே நம்புகிறேன். பக்கம் போடும்போது ஆட்டோ கான்ட்ராஸ்டை ஒரே அழுத்தாக அழுத்தும் பழக்கத்தை அருவிப் படங்களுக்கு மட்டுமாவது நிறுத்திப் பாருங்கள். வெள்ள நாளில் தண்ணீரின் நிறத்தில் கை வைக்க வேண்டாம், படத்தின் கீழே எடுத்த தேதியோடு நேரத்தையும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தென்காசி வாசகர் ஒருவர்