எரிந்த மரங்களுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் கலிஃபோர்னியாவின் செக்வோயா தேசியப் பூங்காவில் உள்ள ஜெனரல் ஷெர்மன் என்ற ராட்சத செக்வோயா மரத்தை முழுப்பக்கத்தில் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. 83 மீட்டர் உயர மரத்தை ஒரு படத்துக்குள் அடக்குவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். 2022இல் நானும் அதன் முன்னால் கேமராவோடு நின்றேன். அண்ணாந்து எடுத்தால் மரம் பின்னால் சாய்கிறது. வேலியைத் தாண்டி நாலடி வைத்தால் நல்ல கோணம் கிடைக்கும், ஆனால் வைக்கக் கூடாது. அதன் வேர் ஆழமாக இறங்காமல் அகலமாகப் பரவுவது. ஆட்கள் மிதித்து மண் இறுகினால் மரத்துக்குக் கேடு. கடைசியில் கீழிருந்து மேலாக மூன்று படம் எடுத்து ஒன்றாக ஒட்டினேன்.

2021 காட்டுத்தீயில் இந்த மரத்தின் அடியை அலுமினியப் போர்வையால் சுற்றிக் காத்தார்கள். பக்கத்து கிங்ஸ் கேன்யன் பூங்காவின் ரெட்வுட் மலை செக்வோயாத் தோப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சாலையோரம் நின்று பார்த்தேன்: சரிவில் பல இடங்களில் பச்சையே இல்லை, கரிக்கட்டையாக நிற்கும் மரங்கள்தான். செக்வோயாவுக்குத் தீ புதிதல்ல. அரை மீட்டருக்கும் தடித்த பட்டை. கோழிமுட்டை அளவுக் காய் சூடுபட்டால்தான் நன்றாக விரிந்து விதை உதிர்க்கும். ஆனால் நூறாண்டுக்கு மேல் சின்னத் தீயைக்கூட அணைத்து அணைத்துக் காட்டில் விறகு சேர்ந்துவிட்டது, அதன்மேல் வறட்சி. 2020, 2021 இரண்டே ஆண்டுகளில் பெரிய செக்வோயாக்களில் 13 முதல் 19 விழுக்காடு போய்விட்டதாகப் பூங்காத் துறையே கணக்கிட்டிருக்கிறது.

கருகிய மரங்களின் படம் போட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 1861இல் கார்ல்டன் வாட்கின்ஸ் என்ற புகைப்படக்காரர் 18க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றி, அதே கலிஃபோர்னியாவில் உள்ள யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குப் போனார். மருந்து பூசிய ஈரம் காய்வதற்குள் எடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவ வேண்டும். அந்தப் படங்கள் வாஷிங்டன் வரை போய்ச் சேர்ந்தன. 1864இல் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கையும் மாரிபோசா செக்வோயாத் தோப்பையும் காக்கும் சட்டத்தில் அதிபர் லிங்கன் கையெழுத்திட்டதற்கு அவையும் ஒரு காரணம். அவர் அந்தக் காட்டை நேரில் பார்த்தவரே அல்ல.

கருகிய அந்தச் சரிவை நான் எடுத்த நான்கு படங்களைத் தனியே அனுப்பியிருக்கிறேன். ஷெர்மனுக்குக் கொடுத்த அதே முழுப்பக்கத்தை அவற்றில் ஒன்றுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி