பூபன்பெர்க் குடும்பமும் நம் கோட்டைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழில் வெளியான சுவிட்சர்லாந்து பயணக் கட்டுரை, பெர்ன் நகரிலுள்ள ஆட்ரியன் ஃபான் பூபன்பெர்க்கின் சிலையை ஒரே வரியில் கடந்துவிட்டது. 1338 முதல் துன் ஏரிக்கரையின் ஸ்பீட்ஸ் கோட்டையைக் கையில் வைத்திருந்த, பெர்னுக்குத் தலைவர் பலரைத் தந்த குடும்பம் அவருடையது. 1470-இல் பீட்டர் கிஸ்ட்லர் என்ற இறைச்சிக் கடைக்காரர் நகரத் தலைவரானபோது, ஆட்ரியன் போன்ற பெருங்குடியினரின் நீதி அதிகாரம் மட்டுமன்றி, அவர்கள் வீட்டுப் பெண்கள் தரையில் புரள உடுத்திய நீண்ட ஆடைகூட வழக்குக்குள்ளானது என்பது சுவையான செய்தி.

அண்டைக் கோமகனாட்சியான பர்கண்டியை எதிர்த்துப் பிரான்சுடன் உறவு கொள்வதை ஏற்காததால் 1475-இல் ஆட்சிக் குழுவிலிருந்து நீக்கப்பட்ட ஆட்ரியனையே, மறு ஆண்டு அதே பர்கண்டியின் கோமகன் சார்லஸ் படையெடுத்தபோது, மூர்ட்டன் நகரைக் காக்க பெர்ன் அழைத்தது. விலக்கியவர்களின் அழைப்பை ஏற்றதே அவருடைய பெருமை என்பேன். ஜூன் 9 முதல் முற்றுகையைத் தாங்கினார். 22-ஆம் நாள் வந்த பெர்னின் கூட்டணிப் படை சார்லசை முறியடித்தது. ஆட்ரியன் 1479-இல் மறைந்தார். மகனோடு 1506-இல் வம்சம் அற்றுப்போனது. 1516-இல் ஸ்பீட்ஸ் கோட்டை எர்லாக் குடும்பத்தின் வசமானது.

எங்கள் கிருஷ்ணகிரி வட்டாரம் அடங்கிய பாராமகாலை ஆண்ட ஜெகதேவராயர் மரபு பற்றியும், அதன் கோட்டைகள் பின்னர் யார் யார் கைக்கு மாறின என்பது பற்றியும் இதேபோன்றதொரு தொடரைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கிருஷ்ணகிரி.