அந்த இரண்டாம் பாதி

லெஸ்டர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. பிராட்பி கேடய ரகர் (ரக்பி) ஆட்டம் பார்க்கப் போய் மழையில் நனைந்து மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாய் என்று எழுதியிருந்தாய். வீட்டில் நல்ல ஏச்சு விழுந்திருக்கும். இப்போது சுகம்தானே? இங்கே நாங்கள் எல்லோரும் நலம். முழங்கால் மட்டும் படி ஏறும்போது தன் வயதைச் சொல்கிறது. ஆனாலும் அடுத்த மாதம் சீசன் தொடங்கியதும், ஞாயிறு காலைகளில் 14 வயதுப் பையன்களின் ஆட்டங்களுக்கு நடுவராகப் போவதை விடுவதாக இல்லை.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் கோபமாக எழுதியிருந்தாயே, "வருடத்துக்கு ஒரு விதியை மாற்றி, பரிசோதனை என்று பேர் வைத்து, நாங்கள் ஆடிய ரகரையே இல்லாமல் ஆக்குகிறார்கள்" என்று. அதற்குப் பதில் எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

நாங்கள் ஆடியது எந்த ரகர், சொல்லு? எங்கள் காலத்தில், எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்கும் ட்ரைக்கு 4 புள்ளி. எங்களுக்குப் பயிற்சி தந்தவர் ஆடிய காலத்தில் 3. 1971இல்தான் அது 4 ஆனது, 1992இல் 5 ஆனது. பந்தைத் தரையில் படாமல் நேரே வெளியே உதைக்கும் விதியும் அப்படித்தான். 1963இல் எடின்பரோவில் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் ஆடிய ஆட்டத்தில் 111 லைன்அவுட் (வெளியே போன பந்தை இரண்டு வரிசைக்கு நடுவே எறிந்து தொடங்குவது) நடந்ததாம். வேல்ஸ் அணித்தலைவர் கிளைவ் ரோலண்ட்ஸ் பந்து கைக்கு வரும்போதெல்லாம் கோட்டுக்கு வெளியே உதைத்துக்கொண்டே இருந்தார். 6-0 என்று வென்றார்கள், ஒரு ட்ரைகூட இல்லை. ஆஸ்திரேலியாவில் அப்போதே வேறு விதி இருந்தது. தன் பக்கத்து 25 கஜக் கோட்டுக்கு முன்னால் நின்று நேரே வெளியே உதைத்தால், லைன்அவுட்டுக்கு உதைத்த இடத்துக்கு நேரே திரும்பி வரவேண்டும். அதை மற்ற நாடுகளும் ஆடிப் பார்த்துவிட்டு 1970இல் நிரந்தரமாக்கினார்கள். பந்தை உதைக்கும் பத்தாம் நம்பர்க்காரனைப் பார்த்து "உள்ளே விழவை, உள்ளே விழவை" என்று தொண்டை கிழியக் கத்துவாயே, நீ கத்தியதும் ஒரு காலத்தில் பரிசோதனையாக இருந்த விதியைத்தான்.

ஆடிப் பார்த்துக் கைவிட்டவையும் உண்டு. 2006இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்து மாணவர்களை வைத்து ஒரு மூட்டை புதிய விதிகளை ஆடவைத்தார்கள். 2008 ஆகஸ்டில் அவற்றில் 13 விதிகள் உலகம் முழுக்கப் பரிசோதனைக்கு வந்தன. மோலை, அதாவது பந்து வைத்திருப்பவனைச் சுற்றிப் பிடித்து நின்றபடியே தள்ளும் கூட்டத்தை, எதிரணி இழுத்துக் கீழே சாய்க்கலாம் என்பது ஒன்று. எட்டுப் பேர் ஒன்றாகத் தள்ளிச் சேர்க்கும் உழைப்பை ஒருவன் கால் பக்கம் பிடித்து இழுத்து முடித்துவிட்டால் முன்வரிசைக்காரர்களுக்கு அப்புறம் என்ன வேலை? அடுத்த வருடமே அதைத் தூக்கி எறிந்தார்கள். இரண்டு அணி முன்வரிசைக்காரர்களும் குனிந்து பூட்டிக்கொண்டு தள்ளும் ஸ்க்ரம்முக்குப் பின்னால் நிற்பவர்கள் 5 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும் என்பது தங்கிவிட்டது. நல்லதே.

நீ திட்டும் 50:22 எனக்குப் பிடிக்கும். தன் பாதியிலிருந்து உதைத்த பந்து, ஒருமுறையாவது மைதானத்துக்குள் தரையில் பட்டு, எதிரணியின் 22 மீட்டர் பகுதியில் வெளியே போனால், லைன்அவுட் எறிவது உதைத்த அணியே. ரக்பியின் இன்னொரு வகையான லீக் ரக்பிக்காரர்களிடம் 40/20 என்று ஏற்கெனவே இருந்ததுதான். ஆஸ்திரேலிய உள்நாட்டுப் போட்டியில் 2019இல் ஆடிப் பார்த்து, 2021 ஆகஸ்டில் உலகம் முழுக்கக் கொண்டுவந்து, 2022இல் நிரந்தரமாக்கினார்கள். "உதைப்பதற்கு இன்னொரு சாக்கு" என்று எழுதியிருக்கிறாய். அப்படி இல்லை, மச்சான். அந்த உதைக்குப் பயந்து, ஓரத்தில் ஆடும் விங் ஆட்கள் பின்னால் போய் நிற்கவேண்டும். அவர்கள் பின்னால் போனால் முன்னால் தடுப்புச் சுவர் மெலிகிறது. சுவர் மெலிந்தால் ஓட இடம் கிடைக்கிறது, பாய்ந்து வந்து இடிக்கும் வேகமும் குறைகிறது. எல்லா ஆட்டத்திலும் அது பலிக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த எண்ணம் சரியான எண்ணம்.

20 நிமிடச் சிவப்பு அட்டையில் மட்டும் நான் உன் கட்சி. வெளியேற்றப்பட்டவனுக்குப் பதிலாக 20 நிமிடம் கழித்து வேறொருவன் வருவது ஐரோப்பாவின் ஆறு நாடுகள் ஆடும் சிக்ஸ் நேஷன்ஸிலும் 2025இல் வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்களும் ஐரிஷ்காரர்களும் எதிர்த்தார்கள். தலையில் இடித்தவனுடைய அணி முழு விலை கொடுக்கவேண்டும் என்றே எனக்கும் படுகிறது.

தலை என்றதும் நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். டேக்கிள் உயரம், அதாவது பந்தோடு வருபவனை எந்த உயரத்தில் பிடித்துச் சாய்க்கலாம் என்பது.

2018-19 சீசனில் இங்கே இரண்டாம் நிலைத் தொழில்முறை அணிகளின் கோப்பைப் போட்டியில் டேக்கிளைத் தோளிலிருந்து அக்குள் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தார்கள். தலைக்காயம் குறையும் என்று எதிர்பார்த்தால், மூளை அதிர்ச்சி கூடிவிட்டது! தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் தள்ளிக்கொள்ளும் ரக்குக்குப் பக்கத்தில், பந்தை எடுத்துக் கொடுக்கும் ஒன்பதாம் நம்பரிடம் பந்து வாங்கி வருபவன் குனிந்து வருகிறான், பிடிப்பவனும் குனிகிறான், இரண்டு தலையும் ஒரே உயரத்தில் மோதுகின்றன. 2019 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதைத் தோல்வி என்று எழுதினார்கள். ஆடிப் பார்த்ததால்தானே அது தெரிந்தது? பந்து வைத்திருப்பவனுக்கும் பொறுப்பு உண்டு என்று யோசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

2023 ஜனவரியில் இங்கிலாந்து சங்கம் அமெச்சூர் ஆட்டம் முழுவதற்கும் இடுப்புக்குக் கீழே என்று திடீரென அறிவித்தது. யாரையும் கேட்கவில்லை. நாடு முழுக்கக் கிளப்புகள் கொதித்தன, நானும் கொதித்தேன். சில நாளில் மன்னிப்புக் கேட்டு, பேசி, நெஞ்செலும்பின் அடிக்குக் கீழே என்று மாற்றி அந்த ஜூலையில் தொடங்கினார்கள். பந்தோடு வருபவன் கடைசி நொடியில் தலையைத் தாழ்த்தி முட்ட வருவதையும் நடுவர் பார்க்கவேண்டும்.

முதல் இரண்டு மாதம் என் விசில் வாயை விட்டு இறங்கவே இல்லை. பெற்றோர்கள் கோட்டோரம் நின்று கத்தினார்கள். ஒரு பையன் அழுதுவிட்டான், எட்டு வயதிலிருந்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. இப்போது பார், அதே பையன் வயிற்று மட்டத்தில் தோளைக் கொடுத்து, கன்னத்தைப் பக்கவாட்டில் ஒட்டி, இரண்டு கையாலும் இறுக்கி அழகாகச் சாய்க்கிறான். நிமிர்ந்து வரும் பந்துக்காரனுக்குக் கை விடுபட்டிருப்பதால் பந்தைக் கடத்தவும் முடிகிறது. ஆட்டம் ஓடுகிறது. கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

2003 உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியின் ஹூக்கர் (ஸ்க்ரம் முன்வரிசையின் நடு ஆள்) ஸ்டீவ் தாம்சனை உனக்கு ஞாபகம் இருக்கும். அவருக்கு மறதி நோய் என்று 2020 டிசம்பரில் வெளியே வந்தது. அப்போது வயது 42. அந்த உலகக் கோப்பையை வென்றதே தனக்கு ஞாபகம் இல்லை என்றார். அதைப் படித்த அன்று உன்னைத்தான் நினைத்தேன். உனக்குச் சொல்லவில்லை. இவ்வளவு காலம் சொல்லாமல் இருந்தது என் தப்பு.

1981, கடைசி வருட ஆட்டம். முதல் பாதி முடியச் சற்று முன்னால் அவர்களுடைய ஃபுல்பேக்கின் (கடைசியில் நிற்கும் ஆட்டக்காரனின்) தோள் உன் தாடையில் பட்டது. நீ விழுந்தாய். பயிற்சியாளர் வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றி, இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். நீ சரியாகச் சொன்னாய், உள்ளே அனுப்பினார். இடைவேளையில் என்னிடம் புள்ளி எவ்வளவு என்று மூன்று தரம் கேட்டாய். மூன்று தரமும் நான் பதில் சொன்னேன். யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. நீ வெளியே போனால் தோற்றுவிடுவோம் என்ற பயம் எனக்கு.

இரவு விடுதியில் சாப்பிடும்போது "ஆட்டம் எப்போது?" என்று கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மச்சான்.

என் மைதானத்தில் இப்போது ஒரு பையன் அப்படி விழுந்தால் ஆட்டத்தை நிறுத்தி அவனை வெளியே அனுப்புகிறேன். அன்று அவன் திரும்பி வரமுடியாது, அவன் அப்பா வந்து கெஞ்சினாலும். உன்னை அன்று வெளியே கொண்டுபோக ஒரு விதி இருந்திருந்தால் நான் பயந்திருக்கத் தேவையில்லை. போன வருடம் தலைச்சுற்று என்று எழுதியிருந்தாயே, நல்ல நரம்பு மருத்துவரிடம் காட்டு. இந்தப் பழைய அடியையும் அவரிடம் சொல். மறந்துவிடாமல் இந்தக் கடிதத்தையே கொண்டுபோ.

அப்புறம், அந்த இரண்டாம் பாதி. உனக்கு அதில் ஒன்றும் ஞாபகம் இல்லை என்று பல தரம் சொல்லியிருக்கிறாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது எழுதுகிறேன். மழை விட்டிருந்தது. அவர்கள் பக்கம் வலது மூலையில் ஸ்க்ரம். பந்தை நான் காலடியில் வைத்திருந்தேன், நீ எடுத்தாய். எனக்குத் தருவதுபோல் காட்டிவிட்டுத் தராமல், கோட்டோரச் சிறு இடைவெளியில் புகுந்தாய். விங்கன் உன் ஜெர்சியைப் பிடித்தான், கிழிந்தது. மூலைக் கம்பத்துக்கு ஒரு அடி உள்ளே, சேற்றில் சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தை வைத்தாய். 4 புள்ளி. எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய், முன்பல்லில் புல் ஒட்டியிருந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

உடனே பதில் எழுது. மருத்துவர் சொன்னதையும் சேர்த்து.

உன்,
பழைய எட்டாம் நம்பர்